முனியாண்டிகளின் சரித்திரம்

தம்பி,

உன் கடிதம் வந்தது. "அம்மா, கல்யாணம் சம்பந்தமாக முக்கியமான ஒரு விஷயம்" என்று ஆரம்பித்திருந்தாய். அந்த ஒரு வரியோடு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பெண் வீட்டார் மனம் மாறிவிட்டார்களா, உனக்கு உடம்புக்கு ஏதாவதா, வேலை போய்விட்டதா என்று என்னென்னவோ ஓடியது. மண்டபத்துக்காரரிடம் என்ன சொல்வது, உங்கப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது வரைக்கும் யோசித்து முடித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன். பத்திரிகையில் முனியாண்டி என்று போட வேண்டாம், வேறு பெயர் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். பெயர்தானா! அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எனக்கு வந்த நிம்மதிக்கு, நீ அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன பெயர் கேட்டிருந்தாலும் சரி என்று தலையாட்டியிருப்பேன். இனிமேல் கடிதம் எழுதினால் விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடு. உன் அம்மாவுக்கு வயசாகிறது.

கோலாலம்பூர் ஆபீசில் உன்னை ஆண்டி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்களாம், வெள்ளைக்காரர் பெயர் மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும். அதற்குத் தமிழில் என்ன பொருள் என்று உனக்கே தெரியும், நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். "சரித்திரத்தில் இந்தப் பெயரில் ஒரு பெரிய மனிதராவது உண்டா?" என்பது ஒன்று. அதைப் படித்துச் சிரித்தேன். "நீங்களே என்னை ஒரு நாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்களா?" என்பது இன்னொன்று. அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெயர் எனக்கே பிடிக்காததால்தான் தம்பி, தம்பி என்று கூப்பிட்டு வளர்த்தேன் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாயா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அது உங்கப்பாவின் பெயரும் அல்லவா? கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அதே பெயரை மகனுக்கும் வைத்துவிட்டால் மகனையும் கூப்பிட முடியாது. எழுதக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. பெண் பிள்ளை எழுதுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தில் ஆசை தீர எழுதிக்கொள்கிறேன். வாயால் சொன்னது என் ஆயுளில் ஒரே ஒரு தடவை. அது கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனில், நீ என் வயிற்றில் இருந்தபோது. அதைச் சொன்னால் உன் இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னதாகிவிடும்.

பெரிய ராஜாக்களின் பெயருக்கு முன்னால் முதலாம், இரண்டாம் என்று போடுவார்கள் என்று தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். எங்கள் தோட்டத்தில் அந்த மரியாதை முனியாண்டிகளுக்குத்தான் கிடைத்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் ஒரே பக்கத்து ஊர்களில் இருந்து வந்தவை. அத்தனை பேருக்கும் காவல் தெய்வம் முனியாண்டி. மூத்த பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் என்று யோசிக்காமலே வைத்துவிடுவார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களில் நான்கு முனியாண்டிகள் இருந்தார்கள். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி குழம்பிப்போய் அவர்களுக்கு நம்பர் போட்டுவிட்டார். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது, வேலை வாங்கும் மண்டோர், "முனியாண்டி ஒண்ணு! முனியாண்டி ரெண்டு!" என்று கத்துவார். எனக்கு அது வாத்தியார் பாடம் எடுப்பது போலவே கேட்கும்.

முதலாம் முனியாண்டி சயாமில் இருந்து திரும்பி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில், எங்கள் தோட்டத்துக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மிகக் கொஞ்சம். அவர் வந்ததும் சாப்பிட்டுப் படுக்கவில்லை. திரும்பி வராதவர்களின் வீடு வீடாகப் போய், இன்ன இடத்தில் உயிர்விட்டார், போகும்போது உங்களை இப்படிக் கேட்டார் என்று உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டைக்கூட விடவில்லை என்று சொல்வார்கள். இரண்டாம் முனியாண்டி, கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையின் கூரை ஒழுகிப் பிள்ளைகள் நனைகின்றன என்று, மானேஜர் பங்களா வாசலில் மழையில் குந்தியவர். கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. கூரைக்கு ஆள் அனுப்பும் வரைக்கும் எழுந்திருக்கவுமில்லை. நான்காம் முனியாண்டி சின்ன வயசுக்காரர், எந்த மாடு கன்று போடச் சிரமப்பட்டாலும் அவர் கையைத்தான் தேடுவார்கள். மூன்றாமவர் உங்கப்பா. அப்போது அவரிடம் குறிப்பிட்டுச் சொல்ல மீசை ஒன்றுதான் இருந்தது. ஆனால் அது சாதாரண மீசை இல்லை. எங்களுக்குப் பெயர் சொல்ல முடியாத சங்கடம் இருந்ததே, நான்கு பேர் பெண்டாட்டிகளும் நான்கு பேர் பெயரையும் சொல்ல முடியாது. அதனால் சயாம்காரர், கொட்டகைக்காரர், மீசைக்காரர், மாட்டுக்காரர் என்றே எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

அது அவசரகாலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு பருக்கை கொண்டுபோகத் தடை. பால் வெட்டப் போகிறவர்கள் தண்ணீர் மட்டும் எடுத்துப் போகலாம். கேட்டில் காவலர்கள் தூக்குச் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள், பெண்களின் இடுப்பு மடிப்பைக்கூட விடமாட்டார்கள். மாட்டிக்கொண்டால் ஜெயில். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவில் ஊருக்கே அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு இருந்தது. உங்கப்பா அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. இங்கேயே பிறந்தவரை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டால் எங்கே போவார்?

உனக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இதை உன்னிடம் அதிகம் பேசியதில்லை. நீ வயிற்றில் வந்தபோது காட்டோரத்தில் இருக்கும் முனியாண்டி சாமிக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், ஆண் பிள்ளை என்றால் சாமியின் பெயர்தான் வைப்பேன், அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் சாமிக்கு ஒரு பிடி சோறு என்று. சும்மா இல்லாமல் அந்தக் காலத்தில் போய்ச் சோற்றை நேர்ந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வயிற்றுப் பிள்ளைக்காரி அந்தச் சாமி இருக்கும் இடத்துக்குப் போகக்கூடாது. பக்கத்து வீட்டுத் தாயம்மாதான் எனக்காகக் கொண்டுபோவாள். புருஷனை இழந்தவள், வாய்த்துடுக்கு, மனசு தங்கம். அவள் வெட்டும் மரங்கள் காட்டை ஒட்டியே இருந்ததால் போக வர வசதி. சோற்றை இலையில் கட்டிக் கொண்டைக்குள் வைத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமைகள் பல நல்லபடியாகப் போயின. ஒரு வெள்ளிக்கிழமை கேட்டில் புதுசாக ஒரு மலாய்க்காரக் காவலர் நின்றார். அவருக்குக் கொண்டை பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தாயம்மா சாகும் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். காவலர் மலாயில் கேட்க, இவள் தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பதில் சொன்னாளாம். ஒரு பொய் கூடச் சொல்லவில்லை.

"இந்தச் சோறு யாருக்கு?"

"முனியாண்டிக்கு."

"அவன் எங்க இருக்கான்?"

"காட்டோரம். ரொம்ப காலமா அங்கதான்."

"கையில ஆயுதம் இருக்கா?"

"பாராங் கத்தி இருக்கு. பெரிசு."

"ஆள் எப்படி இருப்பான்?"

"கருப்பு. இம்மாம் பெரிய மீசை. கூட ஒரு நாய்."

"நீ எதுக்கு அவனுக்குச் சோறு குடுக்கிற?"

"என்னா இப்படிக் கேக்கிற? அவர்தானே எங்கள எல்லாம் காப்பாத்துறாரு!"

இதற்கு மேல் அந்த மனிதரைக் குறை சொல்லி என்ன பயன்? தாயம்மாவை லோரியில் ஏற்றிக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கியோடு ஆட்கள் தோட்டத்துக்கு வந்து, முனியாண்டி யார் என்று கேட்டார்கள். கிராணி பாவம், பழக்க தோஷத்தில், "எந்த முனியாண்டி? ஒண்ணா, ரெண்டா, மூணா, நாலா?" என்று கேட்டுவிட்டார். நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டார்கள். நான்கு பேருக்கும் மீசை இருந்தது, ஆனால் எல்லாரும் பார்த்தது உங்கப்பாவுடையதைத்தான். வெட்டுக் கத்தியைக் கையில் இருந்து வாங்கிக் கீழே போட்டுவிட்டு அவரை ஏறச் சொன்னார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ வயிற்றுக்குள் ஒரு உதை விட்டாய்.

அது என்ன சோறு என்று தாயம்மாவை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். மண்டோரிடம் ஓடிச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பேசாம இரும்மா. சாமிக்கோ பேய்க்கோ, சோறு வெளிய போனா குத்தம்தான். போய்ச் சொன்னா உன்னையும் உள்ள வச்சிடுவான். வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு ஜெயில்லயா பெத்துக்கப் போற?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நான்கு வீட்டு அடுப்பும் அணைந்து கிடக்கும்போது நான் மட்டும் எப்படிப் பேசாமல் இருப்பது? இரண்டாம் முனியாண்டியின் பெண்டாட்டி பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு, பால் ஏற்றும் லோரியில் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். சின்ன வயசு, வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல டவுனில் இருந்து ஒரு கிறிஸ்தவத் தமிழர் அப்போதுதான் வந்திருந்தார். கம்பிக்குப் பின்னால் நான்கு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி முதலில் பாக்கியத்திடம், உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். மறுபடியும் கேட்டார். "அதோ, அவுகதான்" என்று கையைக் காட்டினாள். பெயர் என்ன என்று மேசையைத் தட்டினார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். டவுன்காரர் எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்றால் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அதிகாரி கேட்டாராம், கூப்பிடமாட்டார்கள் என்று இவர் சொன்னாராம். அதிகாரி நம்பவில்லை. எதையோ மறைக்கிறோம் என்றுதான் அவர் முகத்தில் தெரிந்தது.

டவுன்காரர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீயாவது சொல்லிரும்மா. வாயத் தொறக்கலன்னா நாலு பேர் கதையும் கெட்டுப்போயிரும்."

எனக்கு அதுவரைக்கும் அழுகைதான் வந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷம் எங்கிருந்தோ கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு பெயரைச் சொல்லாததற்காக ஒரு மனுஷனைக் கப்பலேற்றுவார்களா? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பியைப் பார்த்து, "முனியாண்டி!" என்று கத்தினேன். நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். உங்கப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். துப்பாக்கியை நீட்டியிருந்தால்கூட அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டார்.

"இவங்க நாலு பேரும் இல்ல. அஞ்சாவதா ஒருத்தர் இருக்காரு, தொரை தேடுறது அவரத்தான்" என்றேன். "சோறு நான் குடுத்தது. அவரு சாமி. வந்து பாத்துக்கிடச் சொல்லுங்க."

சாமி என்றதும் டவுன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் நல்லபடியாகத்தான் எடுத்துச் சொன்னார். ஆனால் பாராங் வைத்துக்கொண்டு, மீசையோடு, நாயோடு, சோறு கேட்கும் கடவுளா என்று அதிகாரிக்கு ஐயம் தீரவில்லை. ஜீப்பில் என்னை முன்னால் உட்கார வைத்து ஆட்களோடு கிளம்பிவிட்டார். வயிற்றுப் பிள்ளையோடு போகக்கூடாத இடத்துக்கு, துப்பாக்கிகளோடு போனேன். கோபித்துக்கொள்ளாதே ஐயா, உனக்காகத்தான் வருகிறேன் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். காட்டை நெருங்கியதும் அவர்கள் லாலான் புல்லுக்குள் குனிந்து குனிந்து போனார்கள். போய்ப் பார்த்தால் அங்கே என்ன இருக்கும்? ஒரு மரம், தகரக் கூரை, மீசை வரைந்த கல், தரையில் குத்திய அருவாள், ஒரு காது உடைந்த மண் நாய். தாயம்மா சொன்னதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அதிகாரிக்கு அப்போதும் பாதி சந்தேகம். சாமிக்கு வைக்கிற சோற்றை யார் வந்து எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். கேட்டில் பிடித்த அதே இலைப் பொட்டலத்தைக் கல்லுக்கு முன்னால் வைக்கச் சொல்லிவிட்டு எல்லாரும் மறைந்துகொண்டார்கள். நான் ஒரு வேரில் உட்கார்ந்தேன், அதற்கு மேல் என்னால் மறைய முடியவில்லை. கொசு பிடுங்கியது. யாரும் வராவிட்டால் நம்புவார்களா, யாராவது வந்துவிட்டால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மேலே கிளை அசைந்தது. ஒரு கருங்குரங்கு இறங்கி வந்தது. அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி. அது சாமியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு பொட்டலத்தைப் பிரித்து, நம் வீட்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டது.

அதிகாரியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு டவுன்காரரிடம் ஏதோ சொன்னார்.

"இதுக்கும் அதே பேர்தானான்னு கேக்குறாரு" என்றார் அவர்.

"இன்னும் நம்பர் போடலன்னு சொல்லுங்க" என்றேன்.

அந்தச் சிரிப்போடு என் உடம்பில் இருந்த பயமெல்லாம் வடிந்துவிட்டது. நான்கு பேரையும் அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். தாயம்மாவையும் என்னையும் கடுமையாகத் திட்டி, இனிமேல் சோறு கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். அந்தக் காலம் முடியும் வரைக்கும் சாமிக்கு எலுமிச்சம்பழமும் ஊதுபத்தியும்தான். அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருந்துகொண்டார். லோரியில் வரும்போது உங்கப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. என் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன், நாலு பேர் முன்னால் பெயரைச் சொல்லிவிட்டேனே. லயத்துக்கு வந்து இறங்கியதும், மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று நின்றார். பிறகு மெதுவாக, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். "போங்க!" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டேன். அப்புறம் பல வருடம், நல்ல மனநிலையில் இருக்கும்போதெல்லாம் கேட்டுப் பார்த்தார். நான் சொல்லவில்லை.

நீ பிறந்தாய். முழுசாக, முடியோடு, பெரிய சத்தத்தோடு பிறந்தாய். நேர்ந்துகொண்டபடி சாமியின் பெயரை வைத்தோம். கிராணிகூட, ஐந்து என்று போட்டுவிடட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உங்கப்பா, "இவனுக்கு நம்பர் வேணாம் கிராணியாரே, இவன் படிக்கப் போறான்" என்றார். அப்படியே ஆயிற்று. பெரட்டுக் களத்தில் நிற்காத முதல் முனியாண்டி நீதான். சரித்திரத்தில் பெரிய மனிதர் உண்டா என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்த சரித்திரம் இவ்வளவுதான். செத்தவர்களின் சேதியை வீடு வீடாகக் கொண்டுபோனவர், பிள்ளைகளுக்காக மழையில் குந்தியவர், வாயில்லா ஜீவனுக்குப் பிரசவம் பார்த்தவர். மீசைக்காரர் என்ன செய்தார் என்றால், உன்னைப் படிக்க வைத்தார். இவர்களை யாரும் புத்தகத்தில் எழுதவில்லை. அதனால்தான் கை வலிக்க நானே எழுதிவிட்டேன்.

பத்திரிகையில் உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள். நிஜமாகத்தான் சொல்கிறேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேசுவதற்குச் சுலபமான பெயராக இருந்தால் ஆபீசில் வேலை எளிதாக நடக்கும் என்றால் அதிலும் தப்பில்லை. வெட்கத்துக்காக மட்டும் மாற்றாதே. உலு யாமில் இருக்கும், எனக்கு மருமகளாக வரப்போகிறவளிடம் ஒன்று சொல்லிவிடு. அவள் உன்னை எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி, தெருமுனை வரை கேட்கிற மாதிரி கூப்பிடட்டும். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் அவள் காத்திருக்க வேண்டாம்.

சயாம்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். கொட்டகைக்காரரும் இல்லை. மாட்டுக்காரர் போன வருடம் கிள்ளானில் மகன் வீட்டில் போய்விட்டார். இதுவரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்யாணத்தன்று, மணவறைக்கு வரச் சொல்லி, உன்னை நானே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன? இவ்வளவு வருடம் நீ காத்திருந்ததற்கு அந்த ஒரு தடவையாவது நான் தர வேண்டாமா? திடீரென்று அங்கே வாய் வராமல் போய்விடக் கூடாதே என்று, சமையலறையில் தனியாக நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"முனியாண்டி!"

வாசலில் செய்தித்தாள் கீழே விழுந்தது. "என்னா?" என்று உங்கப்பா எழுந்து ஓடி வந்தார். வெள்ளை மீசைக்குக் கீழே வாய் திறந்தபடியே சமையலறை வாசலில் நின்றார். சீக்கிரம் வந்து சேர் தம்பி. நீ வீட்டில் இருந்திருந்தால் இரண்டு குரல் கேட்டிருக்கும்.

உன் அம்மா